பெயரின் பயன் யாருக்கு?

மாலையில் விளக்கு வைக்கும் வேளையில் காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் தெருவழியே நடந்து செல்பவன், வாசற்படிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் எழுகின்ற அழைப்புக்களைக் காதில் வாங்கிக்கொண்டு போனாலே, திருமாலின் பன்னிரு நாமங்களில் பலவற்றையும், முருகப்பெருமானுடைய திருப்பெயர்களில் சிலவற்றையும், சிவஸ்தலங்களில் எழுந்தருளியிருக்கும் அம்பிகையரின் பெயர்களில் ஒரு வரிசையையும் கேட்டுவிடலாம். கேசவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். தாமோதரன் இன்னும் படிக்க உட்காரவில்லை என்று கடிந்துகொள்கிறார்கள். கிணற்றடியில் கதை பேசிக்கொண்டு நிற்கும் அபிராமியை, இருட்டிவிட்டது, உள்ளே வா என்கிறார்கள். அழைக்கிற தாய்க்கு அந்த நேரத்தில் திருக்கடவூர்ச் சந்நிதியின் நினைவு இல்லை. உலையில் அரிசி பொங்குகிற நினைவுதான் இருக்கிறது. ஆயினும் சொல்லப்பட்டது தெய்வத்தின் நாமம். இவ்வாறு நினைவின்றிச் சொல்லப்படும் நாமத்துக்கு ஒரு பொருள் உண்டா, பயன் உண்டா, உண்டென்றால் அது பெயரைத் தாங்கிய குழந்தையைச் சேருமா, அழைத்த தாயைச் சேருமா என்பது நம் முன்னோர் பல நூற்றாண்டுகளாகச் சிந்தித்து வந்த விசாரம்.

பெயர்களுக்குச் சொற்பொருள் கூறுவது எளிய காரியம். கண்ணபிரானின் சிறு வயிற்றை யசோதை உரலோடு சேர்த்துக் கட்டிய கயிற்றின் கதையைத் தாமோதரன் என்ற பெயர் தன்னுள் வைத்திருக்கிறது. கேசி என்ற அசுரனை மாய்த்த கதை கேசவன் என்பதற்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று. விஷ்ணு ஸஹஸ்ரநாமத்துக்கு உரை வகுத்த பராசர பட்டர், ஒவ்வொரு நாமமும் பகவானுடைய ஒரு குணத்தைக் காட்டும் கண்ணாடி என்ற துணிவோடு தம் நூலுக்கே பகவத்குண தர்ப்பணம் என்று பெயரிட்டார். பவணந்தி முனிவர் நன்னூலில் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் வகுத்துக் காட்டிய முறையை இங்கே கொண்டு பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்: இறைவனிடத்தில் ஆயிரம் பெயரும் காரணப்பெயர்களே; அவற்றில் ஒன்றை எடுத்து ஒரு குழந்தைக்குச் சூட்டியவுடன், பிறந்து பன்னிரண்டு நாள் ஆன அந்தச் சிசுவிடம் அக்காரணம் ஏதும் இல்லாமையால், அது பெரும்பாலும் இடுகுறியாகிவிடுகிறது. சொல்லின் பொருளை அகராதியில் காணலாம். அந்தப் பெயரை ஒரு மனிதனுக்கு இட்டதன் பொருளை அங்கே காண இயலாது.

பௌத்தர்கள் இந்த இடத்தில் மிகத் தெளிவாகப் பேசினார்கள். ஜாதகக் கதைத் தொகுதியில் 97 ஆவதாக வைக்கப்பட்டிருக்கும் கதையில், தக்ஷசீலத்து ஆசிரியர் ஒருவரிடம் பயின்ற பாபகன் என்னும் மாணாக்கன், பாவத்தைத் தன் பெயரிலேயே சுமக்க மனமின்றி, நல்ல பெயர் ஒன்று வேண்டுமென்று விண்ணப்பம் செய்கிறான். ஊர்களில் திரிந்து உனக்குப் பிடித்த பெயரைக் கண்டு வா, சூட்டுகிறேன் என்று ஆசிரியர் அனுப்புகிறார். வழியில் ஒரு பிணத்தைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். இறந்தவன் பெயர் ஜீவகன். ஒரு வீட்டு வாசலில் கூலிப்பணம் கொண்டுவரவில்லை என்று அடிமைப் பெண் ஒருத்தியை அடிக்கிறார்கள். அவள் பெயர் தனபாலி. காட்டில் ஒருவன் வழி தெரியாமல் அலைகிறான். அவன் பெயர் பந்தகன், வழிக்குரியவன். மாணாக்கன் திரும்பி வந்து, என் பெயரே எனக்குப் போதும் என்கிறான். மிலிந்தன் என்ற யவன அரசனிடம் நாகசேனர் தேரை உவமையாக்கி, தன் பெயர் ஒரு வழக்கே அன்றி அதற்குள் ஓர் ஆள் இல்லை என்று வாதித்ததும் இந்த மரபைச் சேர்ந்ததே. நம்முடைய உபநிஷத்துக்களும் வேறொரு நோக்கத்தோடு இதற்கு அருகில் வருகின்றன: மண்ணை அறிந்தவன் மண்ணாலான அனைத்தையும் அறிந்தவனாவான், குடம் என்பதும் சட்டி என்பதும் வாக்கில் எழுந்த பெயர்களே என்று சாந்தோக்கியத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குப் போதிக்கிறார். நதிகள் பெயரையும் வடிவத்தையும் விட்டுக் கடலில் கலப்பது போல ஞானியும் கலப்பான் என்பது முண்டகத்தின் உபதேசம்.

ஜாதகக் கதையை மறுக்க எனக்கு மனம் இல்லை. பெயர் தன்னைத் தாங்கியவனை ஒன்றும் செய்வதில்லை என்பது அனுபவத்துக்கு ஒத்தது. சத்தியமூர்த்தி என்று பெயர் பூண்டு பொய்ச்சாட்சி சொல்பவர்களும், சாந்தா என்ற பெயரோடு வீட்டையே நடுங்க வைப்பவர்களும் எந்த ஊரிலும் உண்டு. ஆனால் அந்தக் கதை பெயரைத் தாங்கியவனை மட்டுமே பார்க்கிறது, அழைக்கிறவனைப் பார்க்கவில்லை. தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொள்பவன் யார்? ஒருவனுடைய பெயரை வாழ்நாள் முழுவதும் உச்சரிக்கிறவர்கள் பிறரே; ஆகையால் அப்பெயரால் விளைவது ஏதேனும் இருக்குமானால், அதை முதலில் தேடவேண்டிய இடம் அவர்களுடைய நாவும் நெஞ்சுமே.

இந்தக் கண்ணோடு அஜாமிளன் சரித்திரத்தைப் படிக்கவேண்டும். ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத் தொடக்கத்தில் வரும் அவன் கன்யாகுப்ஜ நகரத்து அந்தணன். நல்லொழுக்கத்தோடு வளர்ந்து, ஒரு பெண்ணின் மோகத்தால் பெற்றோரையும் மனைவியையும் துறந்து, சூதாலும் திருட்டாலும் பிழைத்து எண்பத்தெட்டு வயதை எட்டியவன். அவனுக்குப் பத்துப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளை மழலை மாறாத குழந்தை, பெயர் நாராயணன். தான் உண்ணும்போது அதற்கும் ஊட்டி, தான் பருகும்போது அதற்கும் கொடுத்து, அந்தக் குழந்தையிடத்தில் உயிரை வைத்திருந்தவன், யமதூதர்கள் பாசக்கயிற்றோடு வந்து நின்ற கணத்தில், சற்றுத் தூரத்தில் விளையாடிக்கொண்டிருந்த அப்பிள்ளையைப் பெயர் சொல்லி அலறினான். விஷ்ணுதூதர்கள் ஓடிவந்து கயிற்றை விலக்கினார்கள். தர்மம் அறியாமல் தடுக்கிறீர்களே என்று யமதூதர் கேட்டதும், மகனைக் குறித்துச் சொன்னாலும், பரிகாசமாகச் சொன்னாலும், பாட்டின் இட்டு நிரப்பாகச் சொன்னாலும், அலட்சியமாகச் சொன்னாலும் திருநாமம் பாவத்தை நீக்கும் என்று விஷ்ணுதூதர்கள் விடை சொன்னதும் அங்கே விரிவாக வருகின்றன.

இதை வெறும் புகழ்ச்சி என்று கொள்ளவேண்டுமென்பது மீமாம்ஸை கற்றவர்களில் சிலருடைய ஆட்சேபம். ஒரு சொல்லால் மலையளவு பாவம் போய்விடுமானால் பிராயச்சித்தங்களை விதித்த சாஸ்திரங்கள் எதற்கு என்று அவர்கள் கேட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் காவிரிக்கரையிலேயே அதற்கு விடை எழுந்தது. காமகோடி பீடத்து ஆசாரியராக இருந்து, கோவிந்தபுரத்தில் சமாதியான போதேந்திர ஸரஸ்வதிகளும், திருவிசைநல்லூரில் வாழ்ந்த ஸ்ரீதர ஐயாவாளும், நாமத்தின் மகிமையைச் சொல்லும் வாக்கியங்கள் அர்த்தவாதம் அல்ல என்று சாஸ்திர முறையில் நூல்கள் எழுதி நிலைநாட்டினார்கள். அறிந்து தொட்டாலும் அறியாமல் தொட்டாலும் நெருப்புச் சுடும் என்பது இந்த மரபில் வழங்கும் உவமை.

நெருப்பின் உவமையை நான் வணங்கி ஏற்கிறேன். ஆயினும் அஜாமிளன் கதையில் என் மனத்தை ஈர்ப்பது வேறொன்று. அவன் நினைவின்றிச் சொன்னான் என்கிறார்கள். இறைவனை நினைக்கவில்லை என்பது மெய். ஆனால் நினைவே இல்லாமல் சொல்லவில்லை. கெட்டுப்போன அந்த வாழ்க்கையில் கெடாமல் மிஞ்சியிருந்தது ஒரு குழந்தையின் மீது வைத்த பாசம் ஒன்றுதான். அந்தப் பாசம் வாயைத் திறந்தபோது வெளிவந்த சொல் நாராயணன் என்பதாக இருந்தது. பிழைத்து எழுந்த அவன் நேரே வைகுண்டம் போய்விடவுமில்லை. தான் செய்தவற்றையெல்லாம் எண்ணிக் கதறி, கங்காத்துவாரம் சென்று, அங்கே யோகத்தில் அமர்ந்து, பிறகே கதி அடைந்தான். மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். நாராயணன் என்ற பெயரைத் தாங்கிய அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று பாகவதம் சொல்லவில்லை. தாங்கியவன் கதையிலிருந்து நழுவிவிடுகிறான்; பயன் முழுவதும் அழைத்தவனுக்கே வருகிறது.

விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார் இதைப் பாசுரமாகவே பாடிவிட்டார். காசுக்கும் கரையிட்ட துணிக்கும் ஆசைப்பட்டு எவர் எவர் பெயரையோ பிள்ளைகளுக்கு வைக்கும் பெற்றோரை அவர் கடிந்து, எம்பெருமான் பெயரை இடுங்கள் என்று ஒரு திருமொழி முழுவதும் மன்றாடுகிறார். நாராயணன் என்று பெயரிட்டால் நரகம் புகாதவர் என்று அவர் யாரைக் கூறுகிறார் என்பதுதான் உயிர்நிலை: பிள்ளை அல்ல, பிள்ளையைப் பெற்ற அன்னை. நாள்தோறும் எண்ணற்ற முறை, கோபத்திலும் கொஞ்சலிலும், அந்தப் பெயரைச் சொல்லப்போகிறவள் அவளே என்பதை, ஒரு பெண்மகவை எடுத்து வளர்த்துக் கோதை என்று அழைத்து வாழ்ந்த அந்தத் தந்தை அறிந்திருந்தார்.

இக்கருத்தின் சிகரம் சேக்கிழார் பாடிய அப்பூதியடிகள் சரித்திரம் என்பது என் துணிவு. திங்களூரில் வாழ்ந்த அந்த அந்தணர் திருநாவுக்கரசரை ஒருமுறையும் கண்டதில்லை. அவர் பெற்ற பேற்றைக் கேள்விப்பட்டதோடு சரி. கேள்விப்பட்ட அளவிலேயே மூத்த மகனுக்கு மூத்த திருநாவுக்கரசு என்றும் இளைய மகனுக்கு இளைய திருநாவுக்கரசு என்றும் பெயரிட்டார். அதோடு நின்றாரா? வீட்டில் நெல் அளக்கும் படி, நிறுக்கும் துலாக்கோல், தொழுவத்துப் பசு, எருமை, தாம் வெட்டிய குளம், வைத்த சோலை, வழிப்போக்கருக்காக அமைத்த தண்ணீர்ப் பந்தல் அனைத்துக்கும் ஒரே பெயர். மாடு பிடித்துக் கட்டச் சொன்னாலும் நெல் அளக்கச் சொன்னாலும் அந்த வீட்டில் ஒலித்த நாமம் ஒன்றே. இங்கே பெயர் என்பது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் என்ற தன்மையையே இழந்துவிட்டது. படிக்கும் பசுவுக்கும் பிள்ளைக்கும் ஒரே பெயர் வழங்கும் வீட்டில், பெயரால் யாரும் எதையும் பிரித்து அறிய முடியாது. அப்படியானால் அது எதற்காக இருக்கிறது? சொல்வதற்காக இருக்கிறது. சொல்கிற வாய் இனிப்பதற்காக இருக்கிறது.

அந்தப் பந்தலின் நிழலில் ஒரு நாள், பயணத்தில் இருந்த திருநாவுக்கரசராகிய அப்பரே வந்து நின்றார். குளிர்ந்த நீரும் எங்கும் எழுதியிருந்த தம் பெயரும் கண்டு வியந்து, அங்கிருந்தவர்களை விசாரித்து, அடிகளின் வீட்டு வாசலுக்கே போய், தர்மத்தை நீர் செய்து உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று கேட்டார். அப்பூதியடிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பெயரின் பெருமையை அறியாத நீர் யார் என்று அவர் கேட்க, சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்டவன் நான் என்று அப்பர் சொன்னார். கண்ணீரும் குதிப்புமாக அடிகள் அவர் காலில் விழுந்த காட்சியைச் சேக்கிழார் பாடும்போது படிப்பவர் நெஞ்சும் தளும்பும். பிறகு விருந்துக்கு வாழைக்குருத்து அரியப்போன மூத்த திருநாவுக்கரசை அரவு தீண்டியதும், குருத்தைத் தாயின் கையில் சேர்த்துவிட்டு அவன் வீழ்ந்ததும், அடியார் அமுது செய்யத் தடையாகக் கூடாதென்று பெற்றோர் உடலை மறைத்ததும், அப்பர் திருநீறு அணிவிக்கப் பிள்ளையைத் தேடியதும், உண்மை அறிந்து திங்களூர்க் கோயிலின் முன் அவர் பதிகம் பாடி உயிர் மீட்டதும் பலரும் அறிந்தவை. தம் பெயரைத் தாங்கிய பிள்ளையின் உயிரற்ற உடலின் முன் நின்று அப்பர் பாடினார் என்பதை மட்டும் நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. அந்த அப்பரோ பெற்றோர் இட்ட மருள்நீக்கியார் என்ற பெயரையும், சமணத்தில் பெற்ற தருமசேனர் என்ற பெயரையும் கடந்து, இறைவன் அழைத்த நாவுக்கரசு என்ற பெயரில் நின்றவர். ‘அப்பரே’ என்று ஞானசம்பந்தக் குழந்தை அழைத்த அழைப்பே பிறகு உலகம் வழங்கும் பெயராயிற்று. அழைக்கிறவர் யார், எந்த அன்பால் அழைக்கிறார் என்பதே அவர் பெயர்களின் வரலாறு முழுவதும்.

நம் வீடுகளில் நாமகரணம் நடக்கும் விதத்தைப் பார்த்தாலும் இது விளங்கும். பரப்பிய அரிசியில் விரலால் பெயரை எழுதுகிறார்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வலக்காதில் தந்தை மூன்று முறை சொல்லுகிறார். பிறகு பாட்டி, அத்தை, மாமன்மார் என்று ஒவ்வொருவராகக் குனிந்து அழைத்துப் பார்க்கிறார்கள். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. அது கண்ணை மூடிக்கொண்டு கையை முறுக்கும். அழைக்கப் பழகிக்கொள்வது சுற்றியிருப்பவர்களே. அதே வீட்டில் ஒரு வினோதமும் உண்டு. பிள்ளைக்குப் பாட்டனார் பெயர் வைத்திருந்தால், மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்ற மரியாதையால், பெற்ற தாயே அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ராசா என்றும் தம்பி என்றும் அழைத்தே வளர்த்துவிடுகிறாள். கோயிலில் அர்ச்சகர் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்கும்போது, கணவன் பெயரைச் சொல்லக் கூசி, பக்கத்தில் நிற்கும் குழந்தையைச் சொல்லச் சொல்லும் அம்மாமார்களை நாம் பார்த்திருக்கிறோம். மனிதரில் பெரியவர் பெயரை மறைத்தல் மரியாதை. இறைவன் பெயரைத் தெருவெல்லாம் கேட்கக் கூப்பிடுதல் பக்தி. இவ்விரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றன என்று எண்ணினால், வைஷ்ணவ ஆசாரியர்கள் சௌலப்யம் என்று கொண்டாடிய குணம் நினைவுக்கு வருகிறது. மாமனாரிடம் இல்லாத உரிமையை உரலோடு கட்டுண்டவனிடம் ஓர் ஏழைத் தாய் எடுத்துக்கொள்கிறாள். எடுத்துக்கொள்ளும்படி அவன் எளியவனாக நிற்கிறான்.

எல்லாச் சமயங்களும் இந்த உரிமையைத் தருவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். இஸ்லாமியப் பெருமக்கள் அப்துல் ரஹ்மான் என்று பெயரிடும்போது, அருளாளனின் அடியான் என்றே பெயரிடுகிறார்கள். முன்பகுதியை விட்டு ரஹ்மான் என்று மாத்திரம் ஒரு மனிதனை அழைப்பது தகாது என்று அவர்களில் மார்க்கம் அறிந்தோர் பலர் எச்சரிக்கிறார்கள். ஒப்பற்றவன் பெயரை ஒப்புள்ளவன் மேல் ஏற்றலாகாது என்ற அந்த அச்சம் மிக உயர்ந்தது. பஞ்ச ஸம்ஸ்காரத்தில் ஆசாரியன் இடும் பெயரும் தாசன் என்றே முடிவதால், வைஷ்ணவத்திலும் இந்த உணர்வு உண்டென்று தெரிகிறது. கிறிஸ்தவத் தமிழர்கள் புனிதர்களின் பெயரை அருளப்பன் என்றும் சூசை என்றும் சவரிமுத்து என்றும் தமிழாக்கி, தங்கள் பிள்ளைகளை அவர்களுடைய பாதுகாவலில் வைத்தார்கள்.

அழைப்பவரையே பெயரின் பயன் சேரும் என்ற கொள்கைக்குக் கசப்பான மறுபக்கமும் இருக்கிறது. முன்பிறந்தவை தங்காமற்போன வீட்டில் அடுத்துப் பிறந்த சிசுவைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பன் என்றும், மூக்குக் குத்தி மூக்கன் என்றும், பிறரிடம் ஏந்தி வாங்கியதாகப் பாவித்துப் பிச்சை என்றும் பெயரிட்டார்கள். இழிந்த பொருளென்று எண்ணிக் காலன் விட்டுவிடட்டும் என்று நடுங்கிய தாயின் பிரார்த்தனை அது, அதை இகழ எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பெண் பிறந்ததற்கு வருந்திப் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிட்டவர்கள், அந்தப் பெண்ணைச் சோற்றுக்கு அழைக்கும்போதெல்லாம் அவளை மறுத்தார்கள். முனுசாமி என்று பெற்றோர் ஆசையாய் இட்ட பெயரில், சாமி என்ற பகுதி வாயில் வர மனமின்றி, தந்தை வயதுள்ள உழவனை மிராசுதார் வீட்டுச் சிறுவனும் முனியா என்று கூப்பிட்ட காலத்தை நம் ஊர்கள் மறந்திருக்க நியாயமில்லை. அங்கே குறுகியது முனுசாமியின் பெயர் என்று நினைத்தார்கள்; குறுகியது அழைத்தவர்களின் ஆத்மா. 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப்பட்டத்தை விட்டொழிக்கத் தீர்மானித்ததைத் தெய்வ பக்தி உடையவர்களும் வரவேற்கவேண்டும் என்றே நான் கருதுகிறேன். அடியார் என்ற ஒரே பட்டத்தின் முன் மற்றப் பட்டங்கள் நிற்கமாட்டா என்பது சைவர்களும் வைஷ்ணவர்களும் பாடி வந்த கொள்கைதானே.

அதனை முதலில் ஒரு பதிகமாக்கியவர் சுந்தரமூர்த்தி நாயனார். திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்தில் கூடியிருந்த அடியாரை வணங்காமல் கடந்து சென்றார் என்று விறன்மிண்டர் சினந்ததன் பயனாக எழுந்த திருத்தொண்டத்தொகையில், பதினொரு பாடல்களிலும் பெரும்பாலும் பெயர்களே இருக்கின்றன. கதைகள் பின்னால் நம்பியாண்டார் நம்பியாலும் சேக்கிழாராலும் விரிந்தன. வேடர், குயவர், வண்ணார், மீனவர், அரசர் பெயர்கள் எல்லாம் அங்கே ஒரே நாவில் ஒரே வணக்கத்தோடு வருகின்றன. தம் தந்தை சடையனார் பெயரையும் தாய் இசைஞானியார் பெயரையும் கடைசியில் சேர்த்து அவர் தம்மை அவர்களுடைய மகனென்று சொல்லிக்கொள்கிறார். இவ்வளவு பெயர்களைத் தேடித் தேடி அழைத்தவர், பெயர் தெரிந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளவுமில்லை. முழுநீறு பூசியவர்கள் என்றும், திருவாரூரில் பிறந்தவர்கள் என்றும், தமிழ் வழங்கும் எல்லைக்கு அப்பாலும் தம் காலத்துக்கு முன்னும் பின்னும் இறைவனைச் சார்ந்தவர்கள் என்றும் ஒன்பது கூட்டத்தாரைப் பெயரே இன்றி அந்த வரிசையில் வைத்திருக்கிறார். இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கு அப்போது யாரும் பெயரிட்டிருக்கவில்லை. அவர்களையும் அவர் வணங்கியாயிற்று.